யாருக்கும் வேண்டாத விமானம்: திருச்சியில் தொடங்கிய ஒரு டைவ் பாம்பர் படை

இந்த வாரம் ஒரு போர் விமானத்தைப் பற்றிப் பேசப்போறோம். சேலம், நாமக்கல் வரலாறு பேசுற இடத்துல குண்டு போடுற விமானத்துக்கு என்ன வேலைன்னு சிலர் கேப்பீங்க. சினிமா வழியா உள்ள வரலாம், வாங்க.

1945-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம் 'பர்மா ராணி'. முதலாளி டி. ஆர். சுந்தரம், நம்ம திருச்செங்கோட்டுக்காரர், அவரே டைரக்டர். ஜப்பான்காரன் பிடியில இருந்த பர்மாவுக்குள்ள இந்திய விமானப்படை ஆட்கள் மாட்டிக்கிற கதை. சுந்தரமே ஜப்பானிய அதிகாரியா வேஷம் கட்டினார். போர்க்காலத்துல பிலிம் ரோல் கண்ட்ரோல் சரக்கு. போருக்கு ஆதரவா படம் எடுங்கன்னு தயாரிப்பாளர்களை சர்க்கார் நெருக்கிக்கிட்டு இருந்தது. அப்படி வந்த படங்கள்ல இதுவும் ஒண்ணு.

அந்தப் படத்தைப் பற்றி நிறையப் பேர் பேசியாச்சு. எனக்கு வேற ஒரு கேள்வி. ஏற்காடு அடிவாரத்துல ஸ்டுடியோ செட்டுல இந்திய விமானிகள் கதையைப் படம் பிடிச்சாங்களே, நிஜத்துல பர்மா எல்லையில குண்டு போட்ட இந்திய விமானிகள் எந்த விமானத்துல போனாங்க? பெரும்பாலான புத்தகங்களில் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் என்ற பெயர்கள்தான் வரும். நடுவில் ஒரு பெயர் விழுந்துபோகும். வல்ட்டி வெஞ்சன்ஸ். வல்ட்டி என்பது அமெரிக்கக் கம்பெனி. வெஞ்சன்ஸ் என்றால் பழிவாங்கல். இந்த விமானத்துக்கென்று உருவான இரண்டு இந்திய ஸ்குவாட்ரன்களில் ஒன்று தொடங்கிய இடம் திருச்சி. சேலத்துல பஸ் ஏறினா நாமக்கல் தாண்டி நாலு மணி நேரத்துக்குள்ள போய் இறங்குற ஊர்.

முதலில் டைவ் பாம்பர்னா என்னன்னு பார்த்துடலாம். சாதாரண குண்டுவீச்சு விமானம் நேர்கோட்டில் பறந்துகொண்டே குண்டை விடும். விட்ட குண்டு கீழே விழுகிறபோதே விமானத்தின் வேகத்தோடு முன்னாலும் போகும். ஓடுற பஸ்ஸிலிருந்து கிணத்துக்குள்ள கல்லு போடுற மாதிரி. காற்று, உயரம், வேகம், எதில் கணக்கு பிசகினாலும் குண்டு எங்கேயோ போய் விழும். டைவ் பாம்பர் அப்படி இல்லை. இலக்குக்கு நேர் மேலே வந்து, மூக்கைக் கவிழ்த்து, செங்குத்தாக இறங்கும். விமானம் எங்கே குறி வைத்து இறங்குகிறதோ குண்டும் அங்கேயே போகும். பத்தாயிரம் அடியிலிருந்து நேராகப் பறந்து போட்டால் குண்டு சில நூறு கஜம் தள்ளி விழலாம். தேர்ந்த டைவ் பாம்பர் விமானி சில பத்து கஜத்துக்குள் போட்டுவிடுவார்.

இதோட வீரியத்தைத் தமிழர்கள் வாழ்ந்த கடற்கரைகள் 1942 ஏப்ரலில் பார்த்தன. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தன. ஏப்ரல் 5-ம் தேதி இலங்கைக்குத் தெற்கே டார்செட்ஷயர், கார்ன்வால் என்று இரண்டு பிரிட்டிஷ் க்ரூஸர் கப்பல்கள் ஜப்பானிய 'வால்' டைவ் பாம்பர்கள் கண்ணில் பட்டன. வந்தவை ஐம்பத்துச் சொச்சம் விமானங்கள். கிட்டத்தட்ட இருபது நிமிஷத்தில் இரண்டு கப்பலும் கடலுக்கு அடியில். நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். 9-ம் தேதி மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கும் அதே கதிதான். நடுவில் 6-ம் தேதி விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்தது. அடுத்தது மெட்ராஸ்தான் என்று பேச்சு கிளம்பி, ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். மூட்டை முடிச்சோட ஜனங்க உள் ஜில்லாக்களுக்கு ரயில் ஏறின கதையை உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்க.

அந்த வருஷமே டிசம்பர் 1-ம் தேதி இந்திய விமானப்படை இரண்டு டைவ் பாம்பர் ஸ்குவாட்ரன்களைத் தொடங்கியது. ஏழாம் எண் விசாகப்பட்டினத்தில், எட்டாம் எண் திருச்சிராப்பள்ளியில். அதுவரைக்கும் நம்ம கரையைக் காத்துக்கிட்டு இருந்தது கரையோரக் காவல் பிரிவுகள். மெட்ராஸ் பரங்கிமலை, கொச்சி, விசாகப்பட்டினம் போன்ற இடங்களில் இருந்தன. அவற்றிடம் வாப்பிட்டி மாதிரி பழைய இரட்டை இறக்கை விமானங்கள்கூட இருந்தன. அந்தப் பிரிவுகளைக் கலைத்துத்தான் புதுப் படைகளுக்கு ஆள் எடுத்தார்கள். கட்டைவண்டி ஓட்டினவன் கையில பன்னிரண்டு சக்கர லாரியைக் குடுத்த மாதிரின்னு வெச்சுக்கோங்க.

அந்த லாரி எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

1940-ன் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஸ்டூக்கா டைவ் பாம்பர்களைப் பார்த்து ஐரோப்பா நடுங்கிக்கொண்டிருந்தது. நமக்கும் ஒன்று வேண்டும் என்று பிரான்ஸ் அமெரிக்க வல்ட்டி கம்பெனியிடம் 300 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஆர்டர் கொடுத்த கொஞ்ச நாளில், ஜூன் மாசம், பிரான்ஸே விழுந்துவிட்டது. ஜூலை 3-ம் தேதி பிரிட்டன் குறுக்கே வந்து 200 விமானங்களுக்கு ஆர்டர் போட்டது. ஆறே வாரத்தில் பிரிட்டன் வானத்தில் ஸ்டூக்காக்கள் கொத்துக் கொத்தாகச் சுட்டு வீழ்த்தப்பட்டன. ஆகஸ்ட் 18-ம் தேதி விழுந்த அடிக்கப்புறம் ஜெர்மனி அவற்றை அந்தச் சண்டையிலிருந்தே விலக்கிக்கொண்டது. எதிரிக்கு நல்ல ஃபைட்டர் விமானங்கள் இருந்தால் டைவ் பாம்பர் பிழைக்காது என்பதை பிரிட்டன் தன் தலைக்கு மேலேயே பார்த்துவிட்டது. ஆனால் ஆர்டர் போட்டாச்சு. அட்வான்ஸ் குடுத்த கல்யாண மண்டபம் மாதிரி, கல்யாணம் நின்னாலும் மண்டபம் நிக்குது.

முதல் வெஞ்சன்ஸ் பறந்தது 1941 மார்ச் 30. அதற்குப் பின் டென்னஸி மாநிலத்து நாஷ்வில்லிலும் கலிஃபோர்னியாவில் நார்த்ராப் தொழிற்சாலையிலும் மொத்தம் ஆயிரத்து ஐநூறுக்கு மேல் செய்தார்கள். ஐரோப்பாவில் போருக்கு அதை இறக்கப் பிரிட்டனுக்கு மனசில்லை. அமெரிக்க ராணுவத்துக்கும் பெரிதாக ஆசை இல்லை. எங்கே அனுப்பலாம்? இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பினார்கள்.

விமானத்தின் உருவமே விசித்திரம். இறக்கை மேலிருந்து பார்த்தால் டபிள்யூ எழுத்து மாதிரி வளைந்திருக்கும். அழகுக்காக இல்லை. வடிவமைக்கும்போது எடையின் மையம் கணக்குப் போட்ட இடத்தில் வரவில்லை. மொத்த டிசைனையும் மாற்றுவதற்குப் பதிலாக இறக்கையின் நடுப்பகுதியைப் பின்னால் சாய்த்துச் சரிக்கட்டினார்கள். நாமக்கல் பாடி கட்டும் பட்டறைக்காரங்க கேட்டா சிரிப்பாங்க. பாடி கட்டி முடிச்ச பிறகு லோடு விழுற இடம் சரியில்லைன்னு ஆக்சிலை நகர்த்தின கதைதான் இது.

ஆனால் வேறொரு விஷயம் யோசித்துச் செய்தது. சாதாரண விமானத்தின் இறக்கையை முன்பக்கம் லேசாகத் தூக்கிவைத்துப் பொருத்துவார்கள். அப்போதுதான் உடல் நேராக இருக்கும்போதே இறக்கை மேல்நோக்கித் தூக்கும். வெஞ்சன்ஸில் அந்தச் சாய்வு கிடையாது. ஏன்? செங்குத்தாக இறங்குகிறபோது இறக்கை தூக்கினால் விமானம் குறியிலிருந்து விலகிப்போகும். சாய்வு இல்லாவிட்டால் தூண்டில் ஈயம் மாதிரி நேராக இறங்கும். இதற்குக் கொடுத்த விலை, நேராகப் பறக்கும்போது மூக்கு எப்போதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். முன்னால் பதினாலு சிலிண்டர் ரைட் எஞ்சின், 1,600 குதிரைத்திறன், ஒரு பெரிய பீப்பாய் மாதிரி. விமானிக்கு முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது. பின்பு வந்த மாடலில் இறக்கைக்குச் சாய்வு வைத்தார்கள். பார்வை சரியானது, பாய்ச்சல் கெட்டது. ஒன்றைச் சரிபண்ணினா இன்னொன்று போகுது.

இந்தியாவுக்கு வந்த புதிதில் எஞ்சின் தொல்லை வேறு. எண்ணெயைக் குடித்துத் தீர்த்தது, தூசியில் தேய்ந்தது, ஹைட்ராலிக் ஒழுகியது. 1942 டிசம்பரில் திருச்சியில் தொடங்கிய எட்டாம் ஸ்குவாட்ரன் சண்டைக்குப் போனது 1943 டிசம்பரில். ஒரு வருஷம் முழுசா விமானத்துக்கும், பயிற்சிக்கும், ஆளுக்கும் போயிடுச்சு. பயிற்சி பெற்ற இந்தியர் போதாமல் பிரிட்டிஷ் விமானப்படை ஆட்களையும் அதில் சேர்த்தார்கள். வெஞ்சன்ஸ் ஓட்டிய பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்கள் நாலு. அவற்றில் 84-ம் எண் கொஞ்ச காலம் மெட்ராஸுக்கு வடக்கே சோழவரத்திலும், பிறகு கொழும்பு பக்கம் ரத்மலானையிலும் இருந்தது. சோழவரம்னா நமக்கு மோட்டார் ரேஸ்தான் ஞாபகம் வரும். அந்த ரேஸ் ஓடினதே இந்தப் போர்க்கால ஓடுபாதையில்தான்.

சரி, வேலையில் இது எப்படி? பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில், ஆறு விமானமோ பன்னிரண்டோ ஒரே கட்டாகப் போகும். நம்ம ஏற்காடு சுமார் ஐயாயிரம் அடி. ஏற்காட்டு மேல இன்னொரு ஏற்காட்டை வெச்சு, அதுக்கும் மேலன்னு நினைச்சுக்கோங்க. இலக்கு கீழே வந்ததும் தலைவர் விமானத்தைப் புரட்டிப் போட்டு மூக்கைக் கீழே கொடுப்பார். பின்னால் ஒவ்வொன்றாக விழும். இறக்கையின் மேலும் கீழும் ஜன்னல் கம்பி மாதிரி தடுப்புகள் விரிந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். அப்படியும் மணிக்கு முந்நூறு மைல். மூவாயிரம், நாலாயிரம் அடி வரும்வரை இறங்கிக் குண்டை விட்டு, கம்பை இழுத்து மேலே ஏற வேண்டும். கணக்குப் போட்டால் மொத்தப் பாய்ச்சலும் இருபது செகண்டுக்குள் முடியும். மேலே இழுக்கும்போது உடம்பு நாலைந்து மடங்கு கனக்கும், கண் இருட்டிக்கொண்டு வரும். பின்சீட்டில் வழிகாட்டியும் துப்பாக்கிக்காரரும் ஒருவரே. பின்னால் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற அவருக்கு, தரை நெருங்கி வருவது தெரியாது, வானம் விலகிப்போவதுதான் தெரியும். எனக்கென்னவோ முன்சீட்டைவிட அந்தச் சீட்டுக்குத்தான் தைரியம் அதிகம் வேண்டும் என்று தோன்றுகிறது.

உள்ளே இரண்டு 500 பவுண்டு குண்டு, இறக்கைக்குக் கீழே இரண்டு 250 பவுண்டு. இது எதற்கு உபயோகம்? அரக்கான் மலைகளில் ஜப்பானியர்கள் மரத்தடியையும் மண்ணையும் போட்டு மூடிய பதுங்குகுழிகளில் இருந்தார்கள். மலைமுகட்டின் பின்சரிவில் இருக்கும் குழியில் பீரங்கிக் குண்டு போய் விழாது. மேலிருந்து நேராக இறங்கும் குண்டு விழும். நம்ம காலாட்படை புகைக்குண்டு வீசி இடத்தைக் காட்டும், சில நூறு கஜம் முன்னால் வெஞ்சன்ஸ் குண்டு போடும். தன் பக்கத்து ஆள் அவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது, குறி தப்பாத விமானத்தைத்தான் கூப்பிட முடியும்.

எட்டாம் ஸ்குவாட்ரன் சிட்டகாங் அருகே டபுள் மூரிங்ஸ் என்ற களத்திலிருந்தும், 1944-ல் மாம்பூரிலிருந்தும் பறந்தது. ஏழாம் ஸ்குவாட்ரன் 1944 மார்ச்சில் அசாமின் சில்சார் பக்கம் உதார்பந்துக்கு வந்தது. இம்பாலை ஜப்பானியர் சுற்றி வளைத்த நேரம். திட்டிம் சாலை, சிந்த்வின் ஆற்றுப்பக்கம், பாலங்கள், கிடங்குகள், இவைதான் வேலை. மழையும் மேகமும் மலையை மூடியிருக்கும்போது செங்குத்தாகப் பாய முடியாது. அப்போது தாழ்ந்து சாய்ந்து போட வேண்டும், குறியும் அந்த அளவுக்குக் கெடும்.

குண்டு விழுந்தா கோட்டை விழுந்துடும்னு நினைச்சுடாதீங்க. 1944 ஜனவரியில் அரக்கானில் ரஸாபில் என்ற அரண் மீது கனரகக் குண்டுவீச்சு விமானங்களும் வெஞ்சன்ஸ்களும் சேர்ந்து கொட்டித் தீர்த்தன. குண்டுகள் விழ வேண்டிய இடத்தில் விழுந்தன. ஆனாலும் பின்னால் ஏறிய இந்திய டிவிஷனால் அதைப் பிடிக்க முடியவில்லை. மார்ச் மாதம்தான் அது கைக்கு வந்தது. குழிக்குள்ள இருந்தவன் புகை அடங்கினதும் துப்பாக்கியோட எழுந்து நின்னான், அவ்வளவுதான்.

கீழே யார் இருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் போக முடியாது. 1944-ல் இம்பால் முனையில் ஜப்பானியரோடு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் இருந்தது. அதன் சுபாஷ் பிரிகேடின் ஒரு பட்டாலியன் அரக்கான் பக்கம் மௌடோக் வரை வந்தது. காந்தி பிரிகேட் பலேல் விமானதளத்தைத் தாக்கியது. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்த ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அந்தத் தோட்டங்களுக்கு ஆள் போன ஜில்லாக்களில் சேலமும் திருச்சியும் முக்கியமானவை. திருச்சியில் தொடங்கிய ஸ்குவாட்ரன் ஒரு பக்கம். திருச்சி, சேலம் ஜில்லாவிலிருந்து கப்பலேறிய குடும்பத்துப் பிள்ளைகள் துப்பாக்கி பிடித்த படை இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே இடத்தில் நேருக்கு நேர் வந்தன என்று நான் சொல்லவில்லை. மூவாயிரம் அடியிலிருந்து பார்த்தால் மரம்தான் தெரியும், மரத்தடியில் நிற்பவன் எந்த ஊர்க்காரன் என்று தெரியாது என்று மட்டும் சொல்கிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு இந்த விமானிகளை நாம் பெரிதாகக் கொண்டாடாமல் போனதற்கு இந்தச் சங்கடமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

மறந்துபோனதற்கு வேறு காரணங்களும் உண்டு. பிரிட்டிஷ்காரருக்கு இது விருப்பமில்லாமல் வாங்கிய சரக்கு. அமெரிக்கருக்கு இது ஒதுக்கிவைத்த விமானம். ஆஸ்திரேலியா 1944 மார்ச்சிலேயே போர்முனையிலிருந்து விலக்கிக்கொண்டது. சொந்தம் கொண்டாட ஆள் இல்லாத விமானம். ஆனால் இது மட்டமான விமானமான்னு கேட்டா, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் பறந்திருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்காது. அரக்கானில் ஜப்பானிய ஃபைட்டர்கள் குறைவு, நம் பக்கம் ஸ்பிட்ஃபயர் காவல் இருந்தது, இலக்குகள் சின்னவை, பீரங்கிக்கு எட்டாதவை. அந்த இடத்துக்கு அந்த வேலைக்கு அளந்து தைத்தது மாதிரி அமைந்துவிட்டது. யோசிச்சுச் செஞ்ச ஏற்பாடு இல்லை, தள்ளிவிட்ட சரக்கு சரியான இடத்துல வந்து விழுந்துச்சு.

அதுவும் ரொம்ப நாள் இல்லை. 1944 ஜூலையோடு பர்மா முனையில் வெஞ்சன்ஸின் சண்டை முடிந்தது. எட்டாம் ஸ்குவாட்ரன் ஸ்பிட்ஃபயருக்கு மாறியது. இந்திய ஸ்குவாட்ரன்களில் ஸ்பிட்ஃபயர் முதலில் கிடைத்தது அதற்குத்தான். ஏழாவது ஹரிக்கேனுக்குப் போனது. பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களுக்கு மரத்தால் செய்த மாஸ்கிட்டோ கொடுத்தார்கள். நம்ம ஊர் வெயிலிலும் ஈரத்திலும் அதன் பசை விட்டுப்போய், நடுவானில் இறக்கை பிய்ந்த விபத்துகள் நடந்தன. எண்ணெய் ஒழுகினாலும் உலோக உடம்போடு இருந்த வெஞ்சன்ஸை அப்போது யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்கள்.

மிச்சமிருந்த வெஞ்சன்ஸ்கள் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்குத் துணியை இழுத்துக்கொண்டு பறந்தன. மேற்கு ஆப்பிரிக்காவில் கொசுவுக்கு டிடிடி தெளிக்கும் சோதனைக்கு ஒரு பிரிவு போனது. இங்கே கோயம்புத்தூர் பக்கம் சூலூரில் 1340 என்ற எண்ணில் ஒரு சிறப்புப் பிரிவு வைத்தார்கள். அதன் வேலை கண்ணனூர் பக்கம் கடுகு வாயுவை விமானத்திலிருந்து தெளித்துப் பார்க்கும் சோதனை. கடுகு வாயு தோலைக் கொப்பளிக்க வைக்கும், நுரையீரலை அரிக்கும், கண்ணைக் குருடாக்கும். போரில் அதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் பயன்படுத்தத் தயாராக இருந்தார்கள், அதற்கான ஒத்திகை நம்ம மேற்கு மாவட்டத்து விமானதளத்தை நம்பி நடந்தது. சூலூர் இன்றைக்கும் விமானப்படை தளம்தான்.

ஆட்கள் என்ன ஆனார்கள்? திருச்சியில் எட்டாம் ஸ்குவாட்ரனை முதலில் ஏற்றவர் நிரஞ்சன் பிரசாத். தரைப்படையிலிருந்து வந்தவர், பிறகு தரைப்படைக்கே திரும்பினார். 1962-ல் சீனாவோடு நடந்த சண்டையில் நாம்கா சூ பகுதியில் சிதறிய நாலாவது டிவிஷனின் தளபதி அவர்தான். 1965-ல் லாகூர் முனையில் பதினைந்தாவது டிவிஷன் தளபதியாக இருந்து, சண்டை நடுவிலேயே பதவி இழந்தார். ஏழாம் ஸ்குவாட்ரனில் வெஞ்சன்ஸ் ஓட்டி, பின்பு அதன் தலைவரும் ஆனவர் பி. சி. லால். 1971 போரில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதி அவர். காலாட்படை கூப்பிட்ட இடத்தில் விமானம் போய் நிற்க வேண்டும் என்பதில் லால் பிடிவாதமாக இருந்தவர் என்று சொல்வார்கள். புகைக்குண்டு எழும்பிய இடத்தைப் பார்த்து மூக்கைக் கவிழ்த்த மனுஷன், வேற எப்படி நினைப்பார்?

விமானத்தைப் பார்க்கணும்னா இந்தியாவுல வாய்ப்பில்லை. ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு வெளியே கேம்டன் என்ற ஊரில் ஒருவர் சேகரிப்பில் ஒரு முழு வெஞ்சன்ஸ் பிழைத்துக் கிடந்தது. சண்டைக்குப் போகாத விமானம் அது. சண்டைக்குப் போனவற்றை போர் முடிந்ததும் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் மேட்டூர் போகலாம். அணை கட்டின கதை இல்லை, அணைக்குள்ள முழுகின ஊர்களோட கதை. வணக்கம்.